தங்கூஸ் கட்டிய ஜன்னல்

அத்தியாயம் 14

தகர டப்பாவுக்குள் ஆளை வைத்து மூடினால் ஆள் வேகத்தான் செய்வார். பெரார்கஞ்சில் அதற்கு மத்தியானம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காலையிலேயே ஆரம்பித்துவிடும்.

செல்லம் ட்ரெய்லரின் கட்டில்மேல் முழங்கால் போட்டு நின்றிருந்தாள். வாயில் ஸ்குரூக்கள். ஒரு கையால் புதுத் திரையின் சட்டத்தை ஜன்னலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்குரூ டிரைவரைத் திருகினாள். கழுத்தில் வழிந்த வியர்வையைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

கீழே தரையில் மகள் கார்த்திகா சம்மணமிட்டு உட்கார்ந்து அடுத்த திரைக்குக் கயிறு கோர்த்துக்கொண்டிருந்தாள். விசிறிபோல மடியும் திரை. ஒவ்வொரு மடிப்பிலும் ஓட்டை, ஓட்டை வழியாக மெல்லிய கயிறு. கயிறு விறைப்பாக இருந்தால் திரை நிறுத்திய இடத்தில் நிற்கும். தளர்ந்தால் நிற்காது. இந்த வண்டியில் திரை கீழிருந்து மேலே இழுத்து மூடுவது. அதனால் கயிறு தளர்ந்தால் திரை தானாகக் கீழே இறங்கி ஜன்னல் திறந்துகொள்ளும்.

"அங்க அவர் பூட்டினார். இங்க நீ மூடுற" என்றாள் கார்த்திகா, தலை நிமிராமல். "எனக்கு என்ன வித்தியாசம்?"

செல்லம் வாயிலிருந்த ஸ்குரூக்களை உள்ளங்கையில் துப்பினாள். "இங்க சோறு போடுறேன்."

"அங்கயும் போட்டார்."

செல்லம் சட்டத்தை மறுபடி அழுத்திப் பிடித்தாள். அடுத்த ஸ்குரூவைத் திருகினாள்.

வியாழக்கிழமை கார்த்திகா வந்ததிலிருந்து இப்படித்தான் பேச்சு போகிறது. வடக்கே லாங் ஐலண்ட் தீவில் புருஷன் ஸ்ரீதர் போட்டு நிற்கும் ஜெட்டியில் முதுகைக் காட்டிச் சரக்கு எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், அன்று அவன் பூட்ட மறந்த கதவு வழியாக வந்து, காலில் செருப்புகூட இல்லாமல் போட்டில் ஏறிவிட்டாள். வழியில் யாரிடமோ போன் வாங்கித் தம்பி கோகுலைக் கூப்பிட்டாள். புரோத்ராபூரில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். கோகுல் தன் டாக்சியில் கூட்டிவந்து, பாக்குத் தோப்பில் நிற்கும் இந்தக் கேம்பர் ட்ரெய்லரில் விட்டுவிட்டான்.

அப்பா வீட்டுக்குப் போக மாட்டேன் என்றதற்குக் காரணம் இருந்தது. போன மாதமும் இப்படித்தான் வந்தாள். ஸ்ரீதர் டியூட்டிக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறான் என்று அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்களோ என்னவோ. "புருஷன் பூட்டிட்டுப் போனா பத்திரத்துக்குத்தானே? குடிக்கிறானா, அடிக்கிறானா?" என்று கேட்டார் அவள் அப்பா திருநாவுக்கரசு. மறுநாள் காலையில் பஸ் ஏற்றி விட்டார். வழிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தது செல்லம்.

இந்த முறை அவருக்கு விஷயமே தெரியாது. தெரிந்தால் இன்றைக்கே பஸ். அவ்வளவுதான் கதை.

ட்ரெய்லர் கோகுலின் கனவு. மெயின்லேண்டில் யாரோ ஓட்டி அலுத்ததை வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தான். டூரிஸ்ட் வந்து தோப்பில் தங்குவான் என்று கணக்குப் போட்டான். ஒரு மழைக்காலம் போதும், உப்புக் காற்றிலும் ஈரத்திலும் திரைகளின் கயிறு இற்றுப்போய், மடிப்பெல்லாம் கரும்பூஞ்சை பிடித்து, தொட்டால் கையோடு வந்தது. சென்னைக்குச் சொல்லிப் புதுசு வரவழைத்தான். நேற்றைய கப்பலில் பார்சல் வந்தது. டூரிஸ்டுக்காக வந்த திரை, அவன் அக்காவை மறைக்க உபயோகமாகிறது.

எல்லா ஜன்னலுக்கும் பொருந்தியது. சமையல் மேடைக்கு மேலே உள்ளதற்கு மட்டும் பொருந்தவில்லை. வந்த திரை நாலு விரல் அகலம் கூட.

"இதை வெட்ட முடியாதாம்மா?"

"சட்டம் அலுமினியம்டி. அருவாமணையிலயா வெட்டச் சொல்ற?"

"அப்ப மாத்தி அனுப்பச் சொல்லு."

"அடுத்த கப்பல்ல வரும். அதுவும் கடல் ஒத்துக்கிட்டா."

அந்த ஒரு ஜன்னலில் மட்டும் பழைய திரையே நின்றது. மற்றவற்றைவிட அது கொஞ்சம் தேவலை. அதன் கயிறு அறுந்தபோது திருநாவுக்கரசு தானே உட்கார்ந்து தங்கூஸ் போட்டுக் கட்டியிருந்தார். தீவுகளுக்கு இடையே ஓடும் போட்டுகளில் காலம் முழுக்க வேலை பார்த்து, டெக் ஆட்களுக்குத் தலைவரான போசனாக ரிட்டயர் ஆனவர். எது அறுந்தாலும் தூண்டில் போடும் அந்த நைலான் நரம்புதான் அவருக்கு மருந்து. அவர் கண்ணாடியின் காம்பு தங்கூஸில் நிற்கிறது. வாளியின் கைப்பிடி தங்கூஸ். ஒருமுறை செல்லத்தின் கொலுசையும் தங்கூஸில் கட்டிக் கொடுத்து, அது மூன்று வருஷம் நின்றது.

கார்த்திகா எழுந்து அந்தத் திரையை மேலே இழுத்தாள். நின்றது. விரலால் தட்டிப் பார்த்தாள். நின்றது.

"இது நிக்குமா?"

"உங்கப்பா கட்டினது. போட்டே நின்னிருக்கு, ஜன்னல் பர்தா நிக்காதா?"

அப்போதுதான் போன் அடித்தது. கோகுல்.

"அம்மா, எங்க இருக்க? தோப்புலயா? அரே, சீக்கிரம் கேளு. அத்தான் காலையில வீட்டுக்கு வந்திருக்கார். அப்பாவும் அவரும் ஸ்கூட்டர்ல அங்கதான் வர்றாங்க. கிளம்பி ரொம்ப நேரமாச்சாம். பக்கத்து வீட்டுல இப்பதான் சொன்னாங்க."

"இங்க எதுக்குடா?"

"அத்தையைப் பாத்துட்டுப் போறேன்னாராம். நான் ஏர்போர்ட்ல பார்ட்டியோட மாட்டிக்கிட்டேன். அக்காவை எங்கயாவது அனுப்பு."

எங்கே அனுப்புவது? தோப்பு முழுக்கப் பாக்கு மரம். பாக்கு மரத்துக்குப் பின்னால் பூனைகூட மறைய முடியாது. தோப்புக்கு ஒரே வழி, அந்த வழியாகத்தான் ஸ்கூட்டர் வரும். பின்பக்கம் வயல், கெண்டைக்கால் புதையும் சேறு, அதற்கப்பால் பெங்காலிக்காரர்களின் வீடுகள். பகல் வெளிச்சத்தில் ஒருத்தி வயலில் ஓடினால் ஊரே பார்க்கும்.

"உள்ளயே இரு" என்றாள் செல்லம். "மூச்சு விடாத. நான் வெளிய பூட்டிட்டுச் சாவி கோகுல்கிட்ட இருக்குன்னு சொல்லிடறேன்."

கார்த்திகாவின் கையில் இருந்த கயிறு கீழே விழுந்தது.

"வெளிய பூட்டாத."

"பாகலா நீ, பைத்தியமா? பூட்டு இல்லாத கதவைப் பார்த்தா அவன் இழுத்துப் பாக்க மாட்டானா?"

"பாக்கட்டும். நான் உள்ள தாழ் போட்டுக்கறேன். நீ வெளிய பூட்டினா நான் கத்துவேன்மா. நிஜமா. அவர் முன்னாடியே கத்துவேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் செல்லம் பூட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே இறங்கினாள். அவள் பின்னால் உள்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எல்லா ஜன்னலிலும் திரைகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. வெளியிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் கண் மூடிய வண்டி.

செல்லம் காயப்போட்டிருந்த பாக்கைக் கிளறுவதுபோலக் குந்தினாள்.

*

ஸ்கூட்டர் வந்து நின்றது. முன்னால் திருநாவுக்கரசு, பின்னால் மடியில் ஒரு பையோடு ஸ்ரீதர்.

ஸ்ரீதரைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தேய்த்த வெள்ளைச் சட்டை. கல்யாணமானதிலிருந்து ஒருநாளும் மாமியார் முன்னால் உட்கார்ந்து பேசியதில்லை. அரசு வேலை, ஸ்டோர் கீப்பர். பெல்ட்டில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கும். நடந்தால் சத்தம் வரக்கூடாது என்று சாவிகளுக்கு நடுவே துணி சுற்றி வைத்திருப்பான்.

"நல்லா இருக்கீங்களா அத்தை?" பையை நீட்டினான். "கருவாடு. உங்களுக்குன்னு நல்லதா பாத்து எடுத்தேன்."

"வாங்க மாப்ள." செல்லம் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். "கார்த்தி வரலையா?"

தன் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

ஸ்ரீதர் மாமனாரைப் பார்த்தான். திருநாவுக்கரசு தரையைப் பார்த்துத் துப்பினார்.

"உன் மக ஓடிட்டா" என்றார். "வியாழக்கிழமை. புருஷன் ஜெட்டியில நிக்கறப்ப போட்டு ஏறிட்டாளாம். என் மானத்தை வாங்கன்னே பொறந்திருக்கு."

"அவளைத் திட்டாதீங்க மாமா" என்றான் ஸ்ரீதர். "அவளுக்கு மனசு சரியில்ல. நான்தான் சரியா கவனிக்கல. இங்க வந்தாளா அத்தை?"

"இங்கயா? வந்தா சொல்ல மாட்டேனா?"

அவன் தலையை ஆட்டினான். நம்பியதுபோலவும் இருந்தது, நம்பாததுபோலவும் இருந்தது. பிறகு ட்ரெய்லர் பக்கம் திரும்பினான்.

"இதுதான் கோகுல் வண்டியா? நான் பார்த்ததே இல்ல."

"பாரு, பாரு" என்றார் திருநாவுக்கரசு. மகளால் போன மானத்தை மகனால் கொஞ்சம் மீட்கலாம் என்று நினைத்திருப்பார். "பய கப்பல்ல இறக்கினான். உள்ள அடுப்பு, கட்டில், பாத்ரூம், சப் குச், எல்லாம் இருக்கு. பர்தாகூடப் புதுசா மாட்டியாச்சு போல. செல்லம், நீயா மாட்டின?"

"ஆமா."

"தனியாவா?"

"வேற யாரு இருக்கா?"

ஸ்ரீதர் வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்தான். ஒவ்வொரு ஜன்னல் முன்னும் நின்றான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். கதவருகே வந்ததும் கைப்பிடியை லேசாக இழுத்தான். திறக்கவில்லை.

"பூட்டு தொங்கலையே அத்தை?"

"உள்பக்கமா லாக் ஆயிடுச்சு. சாவி கோகுல்கிட்ட இருக்கு."

"ஓ." அவன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். "உள்பக்கம் லாக் வைக்கறது தப்பு மாமா. நான் க்வார்ட்டர்ஸ்ல உள் தாழ்ப்பாளை எல்லாம் கழட்டிட்டேன்."

திருநாவுக்கரசு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எதுக்கு?"

"பத்திரத்துக்குத்தான். போன தடவை அவ வந்துட்டுப் போனதுக்கப்புறம் யோசிச்சேன். நான் டியூட்டியில இருக்கறப்ப அவ உள்ள தாழ் போட்டுக்கிட்டு மயக்கம் கியக்கம் போட்டா எப்படித் திறக்கறது? அதான் உள்ள எதுவும் இல்ல. எல்லாம் வெளிய. ஜன்னலுக்கும் வெளிப்பக்கமா பலகை அடிச்சிட்டேன்."

"சமையல் பண்றப்ப தீப்பிடிச்சா?"

"பிடிக்காது மாமா." ஸ்ரீதர் சிரித்தான். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவனின் சிரிப்பு. "போறப்ப சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

திருநாவுக்கரசு கண்ணாடியை மாட்டினார். தங்கூஸ் கட்டிய காம்பு காதில் சிக்கியது, சரிசெய்தார்.

"அப்ப அவ டீ குடிக்கணும்னா?"

"சாயங்காலம் நான் வந்து போட்டுக் குடுப்பேன். நானேதான் போடுவேன். அவளை வேலை வாங்க மாட்டேன் மாமா, அது உங்களுக்கே தெரியும்."

தோப்பில் எங்கோ ஒரு பாக்கு மட்டை விழுந்தது.

"போட்டுல ஒண்ணு உண்டு" என்றார் திருநாவுக்கரசு. "ஆள் உள்ள இருக்கற கேபினுக்கு வெளிய தாழ் போட மாட்டான். எவ்வளவு பெரிய காத்தா இருந்தாலும் போட மாட்டான். போட்டவனை அடுத்த ஜெட்டியில இறக்கி விட்டுடுவோம்."

"அது போட்டு மாமா. இது வீடு."

செல்லம் அவர்கள் பேச்சில் பாதியைத்தான் கேட்டாள். அவள் கண் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. சமையல் மேடை ஜன்னலில் பழைய திரையின் மேல்விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அது முன்பு இல்லை.

வெயில் நேராக அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. திரை ஒரு மடிப்பு சரிந்தது. நின்றது. இன்னொரு மடிப்பு.

தங்கூஸ் இளகுகிறது. தூண்டிலும் தங்கூஸுமாகக் கிடக்கும் வீட்டில் வாக்கப்பட்டவளுக்கு இது தெரியாதா? வெயிலில் கிடந்த தங்கூஸ் நீளும் என்று ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். ஜன்னலில் அதை வெறும் கயிறு என்று நினைத்ததால் தோன்றவில்லை. அவர் கட்டியது என்பதால் தோன்றவில்லை.

கோடு கை நுழையும் அகலத்துக்கு வந்தது. உள்ளிருந்து இரண்டு விரல்கள் வந்து திரையின் விளிம்பைப் பிடித்தன. மேலே தள்ளின. பிடித்துக்கொண்டே நின்றன. கண்ணாடிக்குப் பின்னால், பட்டப்பகலில், ஆள் இல்லாத வண்டிக்குள் இரண்டு விரல்.

ஸ்ரீதர் அந்த ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றான். திருநாவுக்கரசு அவனுக்கு எதிரே நின்றார்.

அதாவது அவர் ஜன்னலைப் பார்த்து நின்றார்.

செல்லம் அவர் முகத்தையே பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தாடை மட்டும் இறுகியது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். இப்போது கையை நீட்டிக் காட்டுவார். 'யாருடி உள்ள?' என்பார். கதவை உடைப்பார்கள்.

திருநாவுக்கரசு நடந்தார். ஸ்ரீதரைத் தாண்டி ட்ரெய்லரிடம் போனார். திரும்பி, அந்த ஜன்னலில் முதுகை வைத்துச் சாய்ந்துகொண்டார். வெயிலில் காய்ந்த தகரம் சட்டை வழியாகவே சுடும். அவர் நகரவில்லை.

"உள்ள பாக்கலாமா மாமா? கோகுல் எப்ப வருவான்?" ஸ்ரீதர் திரும்பியிருந்தான்.

"இன்னிக்குத் திறக்க முடியாது."

"ஏன்?"

"கரப்பானுக்கு மருந்து அடிச்சிருக்கு. உள்ள போனா மூச்சு முட்டும்."

செல்லத்தின் கல்யாண வாழ்க்கையில் அவர் அவளிடம் கோபப்பட்டிருக்கிறார், சண்டை போட்டிருக்கிறார், மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார். பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. பொய் பழகாதவர் சொல்வதுபோலத்தான் சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக.

"அத்தை அதைச் சொல்லலையே" என்றான் ஸ்ரீதர்.

"பர்தா மாட்டிட்டு நான்தான் அடிச்சேன்" என்றாள் செல்லம். "அந்த வாடையில தலை சுத்துது. அதான் வெளிய உக்காந்திருக்கேன்."

ஸ்ரீதர் இருவரையும் பார்த்தான். மாமனாரின் நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது.

"நிழலுக்கு வாங்க மாமா. ஏன் வெயில்ல நிக்கறீங்க?"

"இடுப்பு பிடிச்சிருக்கு. சூடு நல்லது." மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "உனக்கு நேரமாச்சு. கடைசி கான்வாய் போயிட்டா நாளைக்குக் காலைலதான்."

வடக்கே போகும் ரோடு பழங்குடிகளின் காட்டுக்குள் போகிறது. வண்டிகள் போலீஸ் காவலோடு சேர்ந்தாற்போலத்தான் போக முடியும். அதற்குப் பெயர்தான் கான்வாய். தவறவிட்டவனுக்கு ராத்திரி இந்தப் பக்கம்தான்.

"நாளைக்குப் போனாலும் பரவாயில்ல. அவளைத் தேடாம எப்படிப் போறது?"

"ஸ்டோர் சாவி உன்கிட்ட இருக்கு. நீ இல்லாம அங்க எவன் திறப்பான்?" என்றார் திருநாவுக்கரசு. "அவ வந்தா நான் பாத்துக்கறேன். போன தடவை நான்தானே அனுப்பி வச்சேன்?"

அந்தக் கடைசி வாக்கியம் வேலை செய்தது. ஸ்ரீதர் தலையசைத்தான்.

இனி அவர் நகர வேண்டும். நகர்ந்தால் ஜன்னல் தெரியும்.

"செல்லம். அந்தக் கருவாட்டைக் கொண்டா. எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அவர் வாங்கி, முகர்ந்து, திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு பக்கமாக விலகினார், அவள் மறுபக்கமாக நுழைந்தாள். போட்டில் ஒருவன் டியூட்டி முடித்து இன்னொருவன் நிற்பதுபோல இடம் மாறியது. தகரம் அவள் முதுகில் தோசைக்கல்லாக ஒட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் தோளுக்கு நேராக, மகளின் விரல்கள்.

ஸ்கூட்டரில் ஏறும் முன் ஸ்ரீதர் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"எல்லாம் புதுசு அத்தை. உங்க பின்னாடி இருக்கறது மட்டும் பழசு போல."

"அளவு சேரல."

"மாத்திடுங்க" என்றான். "ஒண்ணு மட்டும் பழசா இருந்தா கண்ணு அங்கதான் போகும்."

*

திருநாவுக்கரசு தனியாகத் திரும்பி வந்தார். சட்டையின் முதுகுப் பக்கம் அழுக்குக் கோடு, ஜன்னல் சட்டத்தின் அச்சு. செல்லம் இன்னும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"போயிட்டானா?"

"பஜார்ல பஸ் ஏத்தி விட்டேன்."

"கான்வாய் செக்போஸ்ட் வரைக்கும் போகலையா?"

"ஸ்கூட்டர்ல பெட்ரோல் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவளையும் ஏத்தி விட்டிருப்பீங்க."

அவர் யோசித்தார். "ஆமா" என்றார்.

கதவிடம் போய் விரல் முட்டியால் தட்டினார். "கார்த்தி. நான்தான். திற."

உள்ளே அசைவு கேட்டது. கதவு திறக்கவில்லை.

"கேட்டுச்சா? அவன் போயிட்டான்."

"போன தடவையும் நீங்கதான் பஸ் ஏத்தி விட்டீங்க." கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் காய்ந்திருந்தது. எத்தனை நேரமாகத் தண்ணீர் குடிக்கவில்லையோ. "இப்பவும் அவர்கிட்ட நான் பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்பினீங்க. எதைப் பாத்துக்கறீங்க? எனக்குக் கேட்டுச்சு."

"அது அவனைக் கிளப்பறதுக்குச் சொன்னது."

"எனக்கு எப்படித் தெரியும்?"

திருநாவுக்கரசு கைப்பிடியைப் பார்த்தார். அதைத் தொடவில்லை. போசனாக இருந்தவர் கையில் ஸ்பானர் எடுத்தால் அந்தக் கதவு ஒரு நிமிஷம். அது அவருக்கும் தெரியும், உள்ளே இருப்பவளுக்கும் தெரியும்.

"சரி" என்றார். "திறக்க வேண்டாம். அந்தப் பழைய பர்தாவைக் கழட்டி ஜன்னல் வழியா குடு. அது நிக்காது."

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கமாக மேலே தூக்கிக்கொண்டு திறந்தது. திரை வெளியே வந்தது. அதைக் கொடுத்த கை உடனே உள்ளே போய்விட்டது. செல்லம் தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாகவே நீட்டினாள். அதை மட்டும் அந்தக் கை சட்டென்று பிடுங்கியது.

திருநாவுக்கரசு ட்ரெய்லரை இழுக்கும் இரும்புக் கொக்கியின்மேல் உட்கார்ந்தார். பார்சலில் மிஞ்சிய கயிற்றை எடுத்துக்கொண்டார். தான் போட்ட முடிச்சைத் தானே பல்லால் கடித்து அவிழ்த்தார்.

"வெயில்பட்டா இது இளகும்னு எனக்குத் தெரியும்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "அப்பக் கையில வேற இல்ல. இப்போதைக்குப் போதும்னு கட்டினேன்."

ஒரு மடிப்பு விடாமல் புதுக்கயிற்றைக் கோர்த்தார். இழுத்துப் பார்த்தார், சரியில்லை என்று மறுபடி அவிழ்த்துக் கோர்த்தார். வெயில் சாய்ந்து பாக்கு மரங்களின் நிழல் ட்ரெய்லர்மேல் கம்பி கம்பியாக விழுந்தது.

"இந்தா." ஜன்னலிடம் போய் நீட்டினார். "இனி எங்க நிறுத்துறியோ அங்க நிக்கும்."

கார்த்திகா ஜன்னலில் தெரிந்தாள். முகம் வெந்து சிவந்திருந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் திரையை வாங்கவில்லை.

"வேண்டாம்ப்பா. இந்த ஜன்னல் இப்படியே இருக்கட்டும்."

"ரோட்டுல போறவன் பாப்பான்."

"நானும் பாக்கணும்ல? இவ்வளவு நேரம் உள்ள நின்னேன். யாரு எங்க நிக்கறாங்க, கதவுகிட்ட வர்றது யாருன்னு தெரியல. காதை மட்டும் வச்சுக்கிட்டு நின்னேன். லாங் ஐலண்ட்லயும் அப்படித்தான். எனக்கு ரோடு தெரியணும்."

அவர் திரையைப் பிடித்தபடி நின்றார். அத்தனை நேரம் கோர்த்தது. பிறகு அதை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"டீக் ஹை, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

செல்லத்துக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. காலையில் கொண்டுவந்த சோறு தூக்குவாளியில் அப்படியே இருந்தது. மூன்று பேருக்கும் வருமா என்று பார்க்கக் குனிந்தாள்.

"அப்பா."

"ம்?"

"பஸ் ஏத்தி விட்டேன்னீங்கல்ல?"

செல்லம் நிமிர்ந்தாள். கார்த்திகா அவர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் தலைக்கு மேலே, தோப்பின் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாக்கு மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது, மறைந்தது, அடுத்த மரத்தைத் தாண்டித் தெரிந்தது. அவசரமில்லாத நடை. சாவிக்கொத்து பெல்ட்டில் இல்லை, கையில் இருந்தது.

திருநாவுக்கரசு ஜன்னலை நோக்கி ஒரு எட்டு வைத்தார், பழையபடி முதுகைக் கொடுக்க.

"வேண்டாம்ப்பா" என்றாள் கார்த்திகா. "தள்ளி நில்லுங்க. இனி மறைஞ்சு நிக்க மாட்டேன்."

ஜன்னலிலிருந்து அவள் முகம் போய்விட்டது. வண்டியின் தரை அதிர்ந்தது, வெறுங்காலில் நடந்து வருகிறாள். அப்பா தட்டியும் திறக்காத கதவில், உள்ளிருந்து தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.